எளைச்சதுக்கப்பறம்னு தள்ளிப் போடாத அம்மிணி

அம்மிணி,

நல்லா இருக்கறயா சாமி. இங்க நானும் உங்கம்மாவும் சௌக்கியம், தம்பிக்கு செமஸ்டர் லீவு உட்டாச்சு, மத்தியானம் வரைக்கும் தூங்கறான். ஃபோன்ல பேசுனா உங்கம்மா நடுவுல வாங்கிக்கறா, சாப்பிட்டயா குளிருதான்னு கேக்கறதுலயே நேரம் போயிருது, நான் சொல்ல நெனச்சது பாதியில நின்னுருது, அதனாலதான் இத வாட்ஸப்புல நீளமா அடிச்சு அனுப்பறேன். உடனே பதில் போடோணும்னு இல்ல, ட்ரெயின்ல போறப்ப சாவகாசமா படி.

போன ஞாயித்துக்கெழம நீ மூணு விசயம் சொன்ன. எதுலயும் மோட்டிவேஷனே வரமாட்டீங்குதுப்பா, ஜெர்மன் பரீட்சைக்கு வாங்குன புக்கு டேபிள் மேலயே கெடக்குதுன்னு சொன்ன. ஆபீஸ் முடிஞ்சு வந்தா சோபாவுல சாஞ்சு ஃபோன்ல பிளாக் பசில்னு அந்தக் கட்டம் அடுக்கற கேம் ஆடீட்டே இருக்கறேன், நிமுந்து பாத்தா பதினொரு மணி ஆயிருதுன்னு சொன்ன. அப்பறம் போறபோக்குல, ஊர்ல இருந்து கொண்டுபோன துணி ஒண்ணும் பத்தறதில்ல, எளைச்சதுக்கப்பறம் எடுத்துக்கலாம்னு அதே ரெண்டு ஹூடியிலயே ஓட்டறேன்னும் சொன்ன. நீ தனித்தனியாத்தான் சொன்ன, ராத்திரி படுத்துட்டு ரோசன பண்ணிப் பாத்தா எனக்கு மூணும் ஒண்ணாத்தான் படுது. மனசு வந்ததுக்கப்பறம் படிக்கறது, ஒடம்பு எளைச்சதுக்கப்பறம் துணி எடுக்கறது, அது ரெண்டும் வர்ற வரைக்கும் கேம்ல உக்காந்துக்கறது. இப்ப இருக்கற உனக்குன்னு நீ ஒண்ணுமே பண்ணிக்கறதில்ல கண்ணு. எனக்கு வெசனம் அதுலதான், மத்தபடி நீ கேம் ஆடறதுலயும் இல்ல, ஒடம்பு போட்டதுலயும் இல்ல.

துணியில இருந்தே ஆரம்பிக்கறேன், எனக்குத் தெரிஞ்ச சோலி அதுதான்.

நீ எக்ஸ்எல் ஆயிட்டேன்ப்பான்னு கொரல எறக்கிச் சொன்ன பாரு, அது எனக்கு ரொம்ப சங்கட்டமா இருந்துச்சு. பனியன் கம்பெனி கட்டிங் டேபிள்ல நின்னவன் நான் சொல்றேன், எக்ஸ்எல்லுங்கறது ஒரு அளவு, அதுக்கு மேல அதுல ஒண்ணுமே கெடையாது. ஆர்டர் ஷீட்டுல சைஸ் ரேஷியோன்னு வரும், எஸ் ஒண்ணு, எம் ரெண்டு, எல் ரெண்டு, எக்ஸ்எல் ஒண்ணுன்னு, அந்தக் கணக்குலதான் எந்தப் பீஸு எங்க வரோணும்னு மார்க்கர் வரைஞ்சு, துணிய அடுக்கடுக்கா லே விரிச்சு வெட்டுவோம். எல்லாம் ஒரே துணி, ஒரே நூலு, ஒரே பிளேடு, எஸ்ஸுக்கு ஒரு மரியாதை எக்ஸ்எல்லுக்கு ஒரு மரியாதைன்னு அந்த டேபிள்ல யாரும் வெட்டறதில்ல. எக்ஸ்எல்ல ஒரு பேனல் கொறஞ்சாலும் மாஸ்டரக் கூப்பிட்டுக் கேப்பாங்க, ஏன்னா அத வாங்கறக்கு ஆள் காத்திட்டு இருக்குது. நீ இருக்கற ஜெர்மனிக்குப் போற ஆர்டருல டபுள் எக்ஸ்எல்லு, த்ரீ எக்ஸ்எல்லெல்லாம் சாதாரணமா வரும்.

அங்க கடையில பொம்பளைங்க துணிக்கு 38, 40, 42ன்னு போட்டிருப்பாங்கல்ல, அதுவும் வெறும் கணக்குதான். செஸ்ட் சுத்தளவ சென்டிமீட்டருல எடுத்து, பாதியாக்கி, அதுல ஆறக் கழிச்சா அந்த நம்பர் வந்துரும். 96 இருந்தா பாதி 48, ஆறு போனா 42. ஒரு சைஸுக்கும் அடுத்த சைஸுக்கும் சுத்தளவுல நாலு சென்டிமீட்டருதான் வித்தியாசம், நாலு சென்டிமீட்டருக்குப் போயி ஒருத்தி ரெண்டு குளிரு புதுத்துணி இல்லாம இருப்பாளா? அதுலயும் கம்பெனிக்குக் கம்பெனி சார்ட்டு மாறும், ஒரு பிராண்டுல 40 போடறவ இன்னொண்ணுல 42 போடுவா. ஏன், ஒரே லாட்டுல ஒரே சைஸ்லயே ஒரு சென்டிமீட்டரு கூடக்கொறைய இருந்தா டாலரன்ஸுன்னு சொல்லி செக்கிங்ல பாஸ் பண்ணுவோம். அந்த லேபிள்ல இருக்கற எழுத்த வெச்சு நீ உன்ன எட போட்டுக்காத.

எளைச்சதுக்கப்பறம் எடுத்துக்கலாங்கறது மிச்சம் புடிக்கற மாதிரி தெரியும், ஆனா தெனமும் காலையில ஒரு பத்தாத பேன்ட்ட இழுத்து மாட்டறப்ப அந்த நாளே மூஞ்சியத் தூக்கி வெச்சுக்குது. இடுப்புல புடிக்கும், உக்காந்தா மூச்சு முட்டும், மீட்டிங்ல நாலு பேரு முன்னாடி எந்திரிச்சு நிக்கக் கூச்சமா இருக்கும், நடந்து போலாம்னு தோணாது, ஜிம்முக்குப் போட்டுட்டுப் போறதுக்கே துணி இல்லைன்னு நீயே சொன்ன. எளைக்கோணும்னாலும் மொதல்ல நடக்க வசதியா ஒரு ட்ராக் பேன்ட் வேணுமில்ல? இப்ப இருக்கற ஒடம்புதான் ஆபீஸ் போகுது, சோறாக்குது, பனியில நடக்குது, வாடகை கட்டுது. அதுக்கு நல்ல துணி எடுத்துக் குடு. பின்னால எளைச்சா புடிச்சுத் தெச்சுக்கலாம், சைடுல ஒரு தையல் உள்ளுக்கு ஓட்டுனா ஆச்சு. பெருசாக்கறதுதான் செரமம், சின்னதாக்கறது எந்த டைலரும் பண்ணுவாங்க.

கடைக்குப் போறப்ப இதெல்லாம் பாரு. மொதல்ல துணிய உள்பக்கமா திருப்பு. வெளிப்பக்கம் எல்லா துணியும் நல்லாத்தான் இருக்கும், உள்ள திருப்புனாத்தான் தெச்சவங்க கை தெரியும், ஓரத்துல அடிக்கற ஓவர்லாக் தையல் சீரா ஓடியிருக்குதா, நூலு தொங்குதா, தோள்ல டேப் வெச்சிருக்கறாங்களான்னு பாரு. கழுத்துல பட்டையா வர்ற ரிப்ப ரெண்டு கையில இழுத்து உடு, டக்குனு பழைய அளவுக்கு வந்தா நல்ல ரிப்பு, அலை அலையா நின்னா நாலு தொவைப்புல தொங்கீரும். டீசர்ட்ட மேச மேல விரிச்சு ரெண்டு சைடு தையலும் நேரா எறங்குதான்னு பாரு, சிங்கிள் ஜெர்ஸிங்கற சாதா டீசர்ட் துணியில நூல் முறுக்கு சரியில்லைன்னா தொவைச்சதும் தையல் முன்னுக்குச் சுத்திக்கிட்டு வந்து நிக்கும், கடையிலயே சித்தே கோணலா இருந்தா வீட்டுல இன்னும் கோணலாகும். துணியோட கனத்தச் சொல்ற ஜிஎஸ்எம் பத்தி உனக்கு சின்னதுலயே சொல்லிக் குடுத்திருக்கறேன், ரவுண்டு கட்டருல நூறு சதுர சென்டிமீட்டரு வெட்டி எட போட்டு நூறால பெருக்குனா ஒரு சதுர மீட்டருக்கு எத்தன கிராம்னு வந்துரும், பரீட்சைக்குப் படிக்கற மாதிரி ஒப்பிச்சயே. ஆபீசுக்கு உள்ள போடற டீசர்ட்டு 180 இருந்தா சரியா இருக்கும், குளிருக்கு ஃப்ளீஸ் 280க்கு மேல பாரு. ஒரே தடியா ஒண்ணு போடறத உட ரெண்டு மெல்லிசா அடுக்கிப் போட்டா நடுவுல காத்து நின்னு சூடு தங்கும், ட்ரெயின்ல ஹீட்டர் போட்டிருந்தா ஒண்ணக் கழட்டிக்கலாம்.

ட்ரயல் ரூம்ல போட்டுட்டு நின்னு கண்ணாடி மட்டும் பாத்துட்டு வந்தறாத. உக்காரு, குனிஞ்சு ஷூ லேஸ் கட்டற மாதிரி பாரு, கையத் தூக்கு. ட்ரெயின் கம்பியப் புடிச்சா முதுகுல ஏறுதான்னு பாரு. நீ அந்தத் துணியில வாழப்போற, சும்மா நிக்கப்போறதில்ல.

ராத்திரி ஆன்லைன்ல கார்ட்டுல போட்டுப் போட்டு வெச்சுட்டு வாங்காமயே தூங்கீர்றேன்னு சொன்னயே, அதுக்கு ஒண்ணு சொல்றேன். உங்க யூரோப்புல ஆன்லைன்ல வாங்குனத 14 நாளுக்குள்ள காரணம் சொல்லாம திருப்பற உரிமை சட்டப்படி இருக்குது, ஆனா கடையில போயி எடுத்ததுக்கு அப்படி இல்ல, கடைக்காரங்க மனசு வெச்சாத்தான் எடுத்துக்குவாங்க, பில்ல பத்திரமா வெச்சுக்க. என்னக் கேட்டா கடைக்கே போ. தொட்டுப் பாக்காம துணி எடுக்கறது எனக்கு ஒப்பறதே இல்ல. அதுலயும் இந்த மலிவு ஆப்புங்கள்ல சக்கரம் சுத்து, பரிசு வந்துச்சு, இன்னும் பத்து நிமிசத்துல ஆஃபர் முடியுதுன்னு ஓடுதே, அது கடை இல்ல அம்மிணி, அதுவும் ஒரு கேம்தான், அதுல ஆட்டக்காய் நம்ம காசு.

மூணோ நாலோ எடு, போதும். அம்பது சதவீதம் தள்ளுபடின்னு பை நெறையா அள்ளீட்டு வராத. இத திருப்பூர்க்காரனா சொல்றேன். நம்ம நொய்யல் ஆத்த நீ பாத்தவதான, செகப்புக்கும் நீலத்துக்கும் மாறி மாறி ஓடுச்சே. 2011 ஜனவரியில ஹைகோர்ட்டு சாயப்பட்டறை எல்லாத்தையும் மூடச் சொன்னப்ப நீ பள்ளிக்கூடம் போயிட்டு இருந்த, ஊரே வேல இல்லாம நின்னுச்சு, ஆனா அந்தப் பக்கம் ஒரத்துப்பாளையம் அணையில சாயத்தண்ணி தேங்கி தென்னை கருகுன விவசாயியும் நம்ம சனம்தான. இப்ப கழிவுத்தண்ணிய ஒரு சொட்டும் வெளிய உடக்கூடாதுன்னு சுத்திகரிச்சு திருப்பி எடுத்துக்கறாங்க, அதுக்கு ஆகற செலவு சாயக்கூலியில ஏறும். அத்தன பேரு தண்ணியும் வேர்வையும் போன துணிய ரெண்டு தடவ போட்டுட்டுத் தூக்கிப் போடறத என்னால பாக்க முடியாது. உனக்குப் புடிச்சத, உன் அளவுக்கு எடு, பிஞ்சு போற வரைக்கும் போடு.

இன்னொரு விசயம், நீ இருக்கற ஸ்டுட்கார்ட்டுல இருந்து தெக்கால போனா ஆல்ப்ஸ்டாட்டுன்னு ஒரு ஊரு வரும். நம்ம ஊரு நிட்டிங் கம்பெனியில ஓடற மேயர் மிஷின் அந்த ஊர்லதான் பொறந்துச்சு, 1905ல ஆரம்பிச்ச கம்பெனி. க்ரோஸ் பெக்கர்ட் ஊசி இருக்குதே, ஒரு ஊசி ஒடிஞ்சா துணியில கோடு உழுந்துரும்னு நிட்டரு பொத்திப் பொத்தி வெப்பாரு, அதுவும் அதே ஊரு, 1852ல இருந்து ஊசி செய்யறாங்க. அந்த ஊசி இங்க வந்து நூல துணியாக்கி, அந்தத் துணிய இந்தக் கை வெட்டி, திரும்ப நீ நடக்கற கடைவீதிக்கே வந்து தொங்குது. கடைக்குப் போறப்ப லேபிள்ல மேட் இன் இந்தியான்னு இருந்தா ஒரு நிமிசம் நின்னு பாரு. ஒரு நாள் லீவு போட்டு அந்த ஊரப் போயி பாத்துட்டு ஃபோட்டோ அனுப்பு, எனக்கு ரொம்ப நாளா ஆசை.

இனி கேம் விசயம். உங்கம்மா, மொதல்ல அந்த ஃபோன் ஆட்டத்த நிறுத்தச் சொல்லுங்கன்னு சொல்றா. எனக்கு அப்படித் தோணல. ரோல்ல வர்ற நிட்டிங் துணி இழுத்துச் சுத்தி வரும், வந்ததும் அப்படியே லே விரிச்சு வெட்டுனா பின்னால சுருங்கி பீஸு அளவு பத்தாமப் போயிரும், அதனால ரோலப் பிரிச்சு ஒரு நாள் பூரா சும்மா போட்டு வெப்போம். அவசர ஷிப்மென்ட்டுன்னு ஓனரு மேல நின்னு கத்துனாலும் நல்ல மாஸ்டரு அந்த நேரத்தக் கொறைக்க மாட்டாரு. நீயும் தெனம் எட்டு மணிநேரம் அடுத்தவங்க பாஷையில பேசி, அவங்க முகம் பாத்து, ஒடம்ப வெறைப்பா வெச்சுட்டு வர்ற. வந்து சித்தே நேரம் ஆடுனா அது வீண் இல்ல. தாராளமா ஆடு.

நீ எறக்கிக் குடுத்த பிளாக் பசில நானும் பொழுதோட ஆடறேன். எனக்கு அது கைவந்த மாதிரி இருக்குது, ஏன்னா மார்க்கர் போடறது அந்த வேலதான், முன்பக்கம், பின்பக்கம், கைத்துணி எல்லாத்தையும் எடம் உடாம நெருக்கி அடுக்கோணும், ஒரு விரக்கடை துணி மிச்சமானாலும் ஆயிரக்கணக்கான பீஸுக்குக் கணக்குப் போட்டா பெரிய காசு. இதுக்கெல்லாம் மூத்தது டெட்ரிஸுங்கற கேமாம், 1984ல மாஸ்கோவுல அலெக்ஸி பாஜித்னோவுன்னு ஒரு கம்ப்யூட்டர்காரரு எழுதுனாரு, நாலு கட்டம் சேந்த ஏழே ஏழு உருவம், அத வெச்சு ஒலகத்தையே உக்கார வெச்சுட்டாரு. அத ஆடறவங்க மனசு பத்தியும் ஆராய்ச்சி இருக்குது. 2009ல ஆக்ஸ்ஃபோர்டுல எமிலி ஹோம்ஸுங்கறவங்க குழு, கோரமான வீடியோ பாத்தவங்களுக்கு சித்த நேரத்துல டெட்ரிஸ் ஆடக் குடுத்துப் பாத்தப்ப, அந்தக் காட்சி திரும்பத் திரும்ப கண்ணுல வர்றது கொறஞ்சுதுன்னு எழுதியிருக்கறாங்க. நீ சோபாவுல உக்காந்து கட்டம் அடுக்கறப்ப ஆபீஸ் நெனப்பு ஓயுதுன்னு சொல்றது பொய்யில்ல.

ஆனா ஒண்ணு கவனிச்சயா. கேண்டி க்ரஷ்ஷுல அஞ்சு லைஃபு தீந்தா அரமணிக்கு ஒண்ணுன்னு மறுபடி வரும், அவங்க காசுக்காகவும் நம்ம திரும்ப வரோணும்னும்தான் அப்படி வெச்சிருக்கறாங்க, ஆனாலும் எந்திரிக்க ஒரு எடம் கெடைக்குது. நீ ஆடற பசில்ல அந்த எடமே இல்ல, தோத்தா அடுத்த நொடி புது ஆட்டம் வந்து நிக்குது. அப்ப நிறுத்தற எடத்த நீதான் வெக்கோணும். லைட்டப் போட்டு, டீ வெச்சுட்டு, டேபிள்ல உக்காந்து ஆடு, ஆடறேன்னு நெனச்சு ஆடு. இருட்டுல போர்வைக்குள்ள ஆடாத. அங்க டிசம்பருல நாலரைக்கே பொழுது எறங்கீருது, அதுக்கு மேல உள்ளயும் லைட்டப் போடாம கெடந்தா எந்த மனுசனுக்கும் சோர்வு வரும். காசு கட்டி ஆடற ரம்மி கிம்மி பக்கம் மட்டும் தலைய வெச்சுப் படுத்தறாத, இங்க பனியன் கம்பெனி பசங்க எத்தன பேரு சனிக்கெழம சம்பளத்த அதுல உட்டுட்டு நின்னாங்க, 2025 ஆகஸ்ட்டுல சென்ட்ரல் கவர்மென்ட்டே அத தட பண்ணி சட்டம் போட்டாச்சு.

மோட்டிவேஷன் பத்தி நீ சொன்னதுல இருந்து நானும் தேடித் தேடிப் படிச்சேன். 1971ல எட்வர்ட் டெசின்னு ஒருத்தரு காலேஜ் பசங்ககிட்ட சோமாங்கற கட்டைப் புதிரக் குடுத்துப் பாத்தாரு. எல்லாருக்கும் அது புடிச்சுத்தான் இருந்துச்சு. அப்பறம் ஒரு கூட்டத்துக்கு மட்டும் ஒரு புதிருக்கு ஒரு டாலருன்னு காசு குடுத்தாரு. அதுக்கடுத்த தடவ காசு இல்லைன்னு சொல்லீட்டு, பக்கத்துல பத்திரிகையும் வெச்சுட்டு, சும்மா இருக்கற நேரத்துல என்ன பண்றாங்கன்னு பாத்தா, காசு வாங்குன பசங்கதான் புதிரத் தொடறதக் கொறைச்சுக்கிட்டாங்க. புடிச்சுப் பண்ணுனது கூலி வேலையாயிருச்சு. எனக்கு இதப் படிச்சதும் உன்ற ஜெர்மன் புக்குதான் ஞாபகம் வந்துச்சு. நீ போன புதுசுல பேக்கரிக்கார அம்மாகிட்ட நாலு வார்த்த பேசுனேன், அது சிரிச்சுட்டு ஒரு பன்னு சும்மா குடுத்துச்சுன்னு எவ்வளவு சந்தோசமா சொன்ன. இப்ப பி1ங்கற நடு லெவல் ஜெர்மன் முடிச்சா, ப்ளூ கார்டுங்கற வேலை அனுமதிக்காரங்களுக்கு 21 மாசத்துல நிரந்தரமா தங்கற கார்டு, ஏ1ங்கற ஆரம்ப லெவல் மட்டும்னா 27 மாசம்னு கணக்குப் போட ஆரம்பிச்சதுல இருந்து அந்தப் பாஷை உனக்குப் பாரமாயிருச்சு. ஆறு மாசம் முன்னப் பின்ன ஆனா ஒண்ணும் குடி முழுகாது கண்ணு. அந்த பேக்கரி அம்மாகிட்ட ஊரு எது, கொழந்தைங்க எத்தனன்னு கேக்கறதுக்குப் படி. கார்டு தானா வரும்.

அப்பறம், படிச்சு முடிச்சா கேம் ஆடலாம்னு உனக்குள்ள பேரம் வெச்சுக்காத. உன்ற ஃப்ரெண்டு அப்படித்தான் சொல்லிக் குடுத்தான்னு சொன்ன, எனக்கு அது ஒப்பல. அப்படிப் பண்ணுனா படிப்பு தண்டனையாயிரும், கேமு கூலியாயிரும், ரெண்டுமே கெட்டுப்போகும். படிப்ப ஒரு நேரத்துல வெய்யி, ஆட்டத்த ஒரு நேரத்துல வெய்யி, ஒண்ணுக்கொண்ணு கணக்கு வேண்டாம்.

மனசு வந்ததுக்கப்பறம் ஆரம்பிக்கலாங்கறது மட்டும் நடக்காது. திங்கக்கெழம காலையில பனியன் கம்பெனிக்குள்ள நொழைஞ்சவங்களுக்குத் தெரியும், சனிக்கெழம சம்பளம் வாங்கி ஞாயித்துக்கெழம கறி தின்னுட்டு வந்த சனம், ஒருத்தருக்கும் கை ஓடாது. நான் லே விரிக்கப் போகமாட்டேன். கட்டிங் மிஷினுக்கு பிளேடு மாத்துவேன், டேபிளத் தொடைப்பேன், வந்த ரோலோட அகலத்த டேப் வெச்சு அளந்து எழுதுவேன். அது முடியறக்குள்ள கண்ணு துணி மேல போயிரும், என்ன ஷேடு, எந்தப் பக்கம் கிரெயின்னு பாக்க ஆரம்பிச்சா அப்பறம் டீ வந்தாத்தான் நிமுருவேன். மனசு கைக்குப் பின்னாலதான் வந்துச்சு. இதயே வைத்தியமா வெச்சிருக்கறாங்கன்னு இப்பத்தான் தெரிஞ்சுக்கிட்டேன், 1970கள்ல பீட்டர் லெவின்சன்னு ஒரு அமெரிக்க மனோதத்துவ நிபுணரு, மனசு சரியில்லாதவங்கள மனசு சரியாகட்டும்னு காத்திருக்க வெக்காம, சின்னச் சின்னதா அவங்களுக்குப் புடிச்ச காரியத்த நேரம் போட்டு செய்ய வெச்சாரு, செய்யச் செய்ய தெளிஞ்சாங்க. நீயும் பி1 புக்க முடிக்கறேன்னு உக்காராத. டேபிளத் தொடச்சு, லைட்டப் போட்டு, புக்கப் பிரிச்சு ஒரே ஒரு பேச்சுப் பகுதிய வாய் உட்டுப் படி, எந்திரிச்சரு. அடுத்த நாளு தானா ரெண்டாகும், ஆகலைன்னாலும் ஒண்ணு ஆயிருக்குதில்ல.

இன்னொண்ணும் கேக்கறேன், கோவிச்சுக்காத. ரெண்டு வாரத்துக்கு மேல எதுலயுமே சந்தோசம் இல்ல, தூக்கம் வர்றதில்ல, இல்லைன்னா தூங்கியே கெடக்கறேன், சாப்பாடு எறங்கறதில்லைன்னு இருந்தா அது மோட்டிவேஷன் விசயம் இல்ல, வைத்தியம் பாக்கற விசயம். அங்க வழக்கமா போற டாக்டரம்மா இருக்கறாங்கல்ல, போயி சொல்லு, தைராய்டு, வைட்டமின் டி எல்லாம் ஒருக்கா ரத்தம் குடுத்துப் பாத்துரு. ஒடம்பு சும்மா சும்மா போடறதுக்கும் சோர்வுக்கும் தைராய்டு ஒரு காரணமா இருக்கலாம், உங்க அத்தைக்கு அப்படித்தான் இருந்துச்சு, மாத்திர எடுத்ததும் ஆளே மாறீட்டா. இதுல மறைக்க ஒண்ணுமே இல்ல. எங்ககிட்டச் சொல்லக் கூச்சமா இருந்தா தம்பிகிட்டச் சொல்லு, யார்கிட்டயாவது சொல்லீரு.

உங்க ஊருல ஞாயித்துக்கெழம கடையெல்லாம் அடைச்சிருவாங்க, அதனால வர்ற சனிக்கெழம காலையிலயே கெளம்பு. மத்தியானத்துக்கு மேல போனா கூட்டத்துல ட்ரயல் ரூமுக்கு நிக்கோணும், நின்னா நீ திரும்பி வந்துருவ. ஸ்டேஷன்ல எறங்கி அந்த பெரிய கடைவீதியில நடந்தாலே போதும், ஒரு பேன்ட்டு, ஒரு ட்ராக் பேன்ட்டு, ஒரு நல்ல ஸ்வெட்டரு. பேன்ட்டும் ஸ்வெட்டரும் அங்கயே எடுத்துக்க, குளிருக்குத் தகுந்தது அங்கதான் கெடைக்கும். டீசர்ட்டும் உள்ளாடையும் நான் பாத்துக்கறேன். காதர்பேட்டையில நமக்குத் தெரிஞ்ச கடையில எக்ஸ்போர்ட் சர்ப்ளஸு வந்து எறங்குதாம், நானே ஒவ்வொண்ணா உள்பக்கம் திருப்பிப் பாத்துத்தான் எடுப்பேன். உனக்கு ரெண்டு காட்டன் சுடிதாரு தெச்சுக் குடுக்கோணும்னு உங்கம்மாவுக்கு ஆசை, பொங்கலுக்குப் போடட்டும்னு துணி எடுத்து வெச்சிருக்கறா, பழைய அளவுல வெட்டீரவான்னு கேட்டா, நான்தான் நிறுத்தி வெச்சிருக்கறேன்.

அதனால அளவு அனுப்பு. டேப்பு இல்லைன்னா சார்ஜர் வயர வெச்சு சுத்தி அத ஸ்கேல்ல அளந்துக்க. செஸ்ட்டு, இடுப்பு, ஹிப்பு, தோளு, கை நீளம், தோள்ல இருந்து முட்டி வரைக்கும் நீளம். டேப்ப இறுக்காத, ரெண்டு வெரலு உள்ள போற மாதிரி உட்டு அள. வயித்த உள்ள இழுத்துட்டு அளக்காத, சாதாரணமா மூச்சு உட்டு நில்லு. எத்தன வருதோ அத அப்படியே எழுது, ஒரு இஞ்சு கொறைச்சு எழுதுனா துணி வந்து உன்னத்தான் புடிக்கும். அடுத்த மாசம் உன்ற மாமா பையன் ஃபிராங்க்ஃபர்ட் வர்றான், ஏழு கிலோ எடம் தர்றேன்னு சொல்லியிருக்கறான், அதுல பருப்புப் பொடியும் முறுக்கும் போக துணிக்கு எடம் இருக்குது. அவன் வர்றதுக்குள்ள தெச்சு முடிக்கோணும்னா இந்த வாரத்துக்குள்ள அளவு எங்கைக்கு வந்தாகோணும்.

அப்பா